உங்கள் தோட்டத்தில் விழுந்த சிவப்புப் புள்ளி

மாசி, பங்குனி வந்தாலே மலையடிவாரக் கடிதங்களில் பாதி புகையைப் பற்றித்தான். செயற்கைக்கோள் படத்தைக் கைபேசியிலேயே பார்த்துவிட்டு ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்கிறீர்கள். கேரள, ஆந்திர எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் மட்டும் இந்த இதழில்.

கே: போடிமெட்டுக்குக் கீழே எனக்கு ஏழு ஏக்கர் காப்பியும் மிளகும் இருக்கிறது. என் நிலத்தில் தீ எரிவதாகச் செயற்கைக்கோள் காட்டியது என்று சொல்லி வந்து விசாரித்தார்கள். என் தோட்டத்தில் ஒரு சருகுகூடக் கருகவில்லை. எரிந்தது ஓடைக்கு அந்தப் பக்கம். செயற்கைக்கோள் பொய் சொல்லுமா?
— தோட்டக்காரர், போடிநாயக்கனூர்

ப: அது சொன்னது வேறு, வந்தவர்கள் படித்தது வேறு.

நாசாவின் ‘ஃபர்ம்ஸ்’ என்ற தீ வரைபடத்தில் வரும் சிவப்புப் புள்ளிகளும், இந்திய வன ஆய்வு நிறுவனம் வனத்துறைக்கு அனுப்பும் குறுஞ்செய்தி எச்சரிக்கைகளும் ‘விர்ஸ்’, ‘மோடிஸ்’ என்ற இரண்டு செயற்கைக்கோள் கருவிகளின் தரவிலிருந்து பிறப்பவை. விர்ஸ் பூமியை 375 மீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. ஒரு கட்டம் 14 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 35 ஏக்கர். உங்கள் தோட்டத்தைப் போல ஐந்து அதற்குள் அடங்கும். மோடிஸின் கட்டம் 1 கிலோமீட்டர். அது 247 ஏக்கர். கட்டத்தின் ஏதோ ஒரு மூலையில் தீ இருந்தால் போதும், கட்டம் முழுவதற்கும் ஒரே புள்ளி விழும். அதுவும் தீ எரிந்த இடத்தில் விழாது, கட்டத்தின் நட்டநடுவில் விழும். அந்த நடு உங்கள் மிளகுக் கொடியின் மேல் அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

அத்தனை சிறிய தீ அத்தனை பெரிய கட்டத்தில் எப்படித் தெரிகிறது என்றால், 4 மைக்ரானை (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒட்டிய அலைநீளத்தில் சுமார் 500 டிகிரி சூட்டில் எரியும் பொருள், பக்கத்து மண்ணைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பிரகாசமாக இருக்கும். ஒரு வீட்டு மனையளவு நெருப்பு முப்பத்தைந்து ஏக்கரையும் ‘சூடு’ என்று காட்டவைத்துவிடும்.

அடுத்த முறை யாராவது புள்ளியைக் காட்டினால், ஃபர்ம்ஸ் தரவை அட்டவணையாகத் தரும் சிஎஸ்வி கோப்பில் அந்தப் புள்ளிக்குரிய முழு வரியையும் கேளுங்கள். அதில் ‘ஸ்கேன்’, ‘டிராக்’ என்று இரண்டு எண்கள் இருக்கும். செயற்கைக்கோள் தலைக்கு மேலே போயிருந்தால் 0.39, 0.36 என்பது போல வரும். கட்டத்தின் நீள அகலம் அதுதான், கிலோமீட்டரில். பாதை தள்ளிப் போயிருந்து சாய்வாகப் பார்த்திருந்தால் இரண்டுமே 0.7, 0.8 என்று ஏறிவிடும். அப்போது ஒரு கட்டமே 150 ஏக்கரை எட்டும். புள்ளியை நடுவில் வைத்து அந்த அளவுக்கு ஒரு செவ்வகம் வரைந்து, சர்வே வரைபடத்தின் மேல் வைத்துக் காட்டுங்கள். ஓடைக்கு அந்தப் பக்கமும் அதற்குள் வந்துவிடும். தமிழ்நாட்டு எல்லைக்கல்லா கேரள எல்லைக்கல்லா என்ற சண்டைக்கும் இதே பதில்தான்.

அதே வரியில் ‘நம்பகம்’ என்ற பத்தியையும் பாருங்கள். விர்ஸில் எல், என், எச் என்று மூன்று எழுத்து: குறைவு, சாதாரணம், அதிகம். பகலில் ‘எல்’ என்று விழுவதில் கணிசமானவை வெயில் பளிச்சிட்டதாலோ, சூட்டு வித்தியாசம் சொற்பமாக இருந்தாலோ வருபவை. தகரக் கூரை, காய்ந்த வெறும்பாறை எல்லாம் இந்த ரகத்தில் மாட்டும். ‘எல்’ புள்ளியை மட்டும் வைத்து ஒருவரை விசாரிப்பது அநியாயம் என்பது எங்கள் கருத்து.

கே: காலை ஆறு மணிக்குக் கண் எரிகிறது, துணியெல்லாம் புகை வாடை. வரைபடத்தைத் திறந்தால் புள்ளியும் இல்லை, புகையும் இல்லை. ஏன்?
— திராட்சை விவசாயி, கம்பம்

ப: நீங்கள் பார்க்கும் நேரமும் அது பார்க்கும் நேரமும் ஒன்றல்ல. விர்ஸ் கருவி சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 என்ற மூன்று செயற்கைக்கோள்களில் இருக்கிறது. மூன்றுமே நம் ஊர் மேல் பிற்பகல் 1 மணிக்கும் 3 மணிக்கும் நடுவில் ஒருமுறை, நள்ளிரவு தாண்டி அதே 1 முதல் 3-க்குள் ஒருமுறை கடக்கும். மூன்று செயற்கைக்கோள் என்றதும் நாள் முழுக்கக் காவல் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றும் ஒரே ஷிப்டில் வேலை பார்ப்பவை. மூன்று மணிக்குப் பிறகு மூட்டி இரவு பத்து மணிக்குள் அடங்கிய தீ, அவற்றைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. குரங்கணிப் பக்கத்துச் சரிவுகளில் காய்ந்த புல் பற்றினால் ஒரு மணி நேரத்தில் ஒரு முகடே முடிந்துவிடும். 2018 மார்ச் 11 தீ விபத்துக்குப் பிறகு அதை யாரும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று, பள்ளத்தாக்கின் குணம். பகலில் சரிவு சூடாகி, புகை மலையேறிப் போகும். பொழுது சாய்ந்ததும் முகட்டுக் குளிர்காற்று கீழே வழியும், புகையையும் இழுத்துவரும். கம்பம் பள்ளத்தாக்கில் அது தரையோடு படுத்துக்கிடக்கும். மேலே சற்றுச் சூடான காற்று மூடி போட்டதுபோல் நிற்கும். எட்டு, ஒன்பது மணிக்கு வெயில் ஏறினால்தான் மூடி திறக்கும். பிற்பகல் ஒன்றரை மணிப் படத்தில் உங்கள் காலைப் புகை எப்போதோ கலைந்து போயிருக்கும்.

காலைக்கு இந்திய வானிலைச் செயற்கைக்கோளான இன்சாட்டின் படத்தைப் பாருங்கள். 3டிஆர், 3டிஎஸ் இரண்டும் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நின்று படமெடுப்பவை. ஒவ்வொன்றும் அரை மணிக்கு ஒன்று. இஸ்ரோவின் ‘மோஸ்டாக்’ தளத்திலும் வானிலைத் துறைத் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுக்கும் 1 கிலோமீட்டர் படத்தில் காலை ஏழு, ஏழரை, மாலை ஐந்து, ஐந்தரை ஆகிய நேரங்களைத் தேர்ந்தெடுங்கள். சாய்வெயிலில் புகை ஒளியை முன்பக்கம் சிதறடிப்பதால் எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் அதே புகை காணாமல் போகும்.

நேரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஃபர்ம்ஸ் தரவில் இருப்பது யூடிசி என்ற உலகப் பொது நேரம். 0812 என்றிருந்தால் ஐந்தரை மணி கூட்டிப் பிற்பகல் 1.42. இரவுப் புள்ளியில்தான் பலர் தவறுகிறார்கள்: மார்ச் 10, 2018 என்று இருக்கும். அந்த 2018 ஆண்டு அல்ல, 20.18 மணி. ஐந்தரை கூட்டினால் மார்ச் 11 அதிகாலை 1.48. தேதியும் மாறிவிடும். புகார் மனுவில் தேதி ஒரு நாள் தவறினால் அந்த மனு வலுவிழந்துவிடும்.

கே: தை, மாசியில் கிழக்குக் காற்று கணவாயில் அடிக்கும்போது எங்கள் வானம் வெளுத்துப்போகிறது. அது காட்டுத்தீப் புகையா, புழுதியா, வெறும் பனிமூட்டமா? படத்தில் எப்படிப் பிரிப்பது?
— பள்ளி ஆசிரியர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

ப: மாணவர்களை வைத்து ஒரு பாடவேளையில் செய்துபார்க்கலாம். நாசாவின் ‘வேர்ல்ட்வியூ’ தளம், ஒரு கணினி, இணையம் போதும்.

முதலில் இயல்நிறப் படத்தைத் திறந்து தேதியை வையுங்கள். பனிமூட்டம் பால்வெள்ளையாக, ஓரம் கத்தரித்தாற்போல், ஆற்றையும் பள்ளத்தையும் ஒட்டிக் கிடக்கும். புகை சாம்பல் கலந்த நீலம். ஒரு முனை ஊசிபோல் குவிந்திருக்கும், மறுமுனை விசிறியாக விரியும். குவிந்த முனையில் தீப்புள்ளி அடுக்கைப் போட்டால் புள்ளி உட்காரும். புழுதிக்குக் காவி கலந்த மஞ்சள் நிறம், குவிமுனை இருக்காது. பிரச்சினை என்னவென்றால் பாலக்காட்டு வயல்களும் மாசியில் காவிதான். அதனால் நிறத்தை மட்டும் நம்பினால் தரை மேலேயே புழுதியைக் கண்டுபிடிப்பீர்கள்.

எனவே அடுத்து, அதே தேதிக்கு விர்ஸின் ‘எம்11-ஐ2-ஐ1’ அடுக்கை மேலே போட்டு, இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். அதில் சிவப்புக்குப் பதிலாகக் குறு அகச்சிவப்பு அலை இருக்கிறது. புகைத்துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானைவிடச் சிறியது. இரண்டு மைக்ரானை ஒட்டிய அலை அதைக் கவனிக்காமல் ஊடுருவிவிடும். இயல்நிறத்தில் மூடியிருந்த ஊர் இதில் தெளிந்து தெரிந்தால், மேலே இருந்தது புகை அல்லது நுண்துகள். புழுதி பருமனானது, அவ்வளவு எளிதில் மறையாது. நீர்த்துளி மேகமும் பனிமூட்டமும் வெள்ளையாகவே நிற்கும். எரிந்த நிலம் கருஞ்சிவப்பாகப் பளிச்சென்று தெரியும். ஒரே பார்வையில் இரண்டு வேலை.

மூன்றாவது, கார்பன் மோனாக்சைடு. சென்டினல்-5பி என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் தரவு ‘கோபர்னிகஸ் பிரவுசர்’ தளத்தில் இருக்கிறது. எதுவும் எரியும்போது அந்த வாயு கூடும். மண் பறப்பதால் வராது. வானம் மங்கியும் வாயு கூடவில்லை என்றால் புழுதி அல்லது ஈரம். ஆனால் கோவைப் பக்கத்து வாகனப் புகையிலும் அது உண்டு. ஆகவே ஒரு நாளை மட்டும் பார்க்காமல் முன்பின் ஒரு வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

‘ஏரோசால் ஆழம்’ என்ற எண்ணைப் பார்த்துப் பல ஆசிரியர்கள் மாசு அளவு என்று மாணவர்களுக்குச் சொல்லிவிடுகிறார்கள். தரையிலிருந்து வான்முகடு வரை உள்ள மொத்தத் துகளும் ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்பதுதான் அது. 0.1 என்றால் தெளிந்த வானம், 1 என்றால் கனத்த மூட்டம். ஆனால் 1 வந்த நாளில் புகை மூன்று கிலோமீட்டர் உயரத்தில் மிதந்துகொண்டு, உங்கள் பள்ளி மைதானத்தில் காற்று சுத்தமாகவே இருக்கலாம். தரைக்கணக்கு வேண்டுமென்றால் தரையில் வைத்த மானிதான். 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகளான பிஎம் 2.5-க்கு இந்தியாவின் 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், 10 மைக்ரான் வரையிலான பிஎம் 10-க்கு 100. மலிவான லேசர் மானிகள் புகையை ஓரளவு சரியாகக் காட்டும். பருமனான புழுதியைக் கணிசமாகத் தவறவிடும். புழுதி நாளில் அவை ‘நல்ல காற்று’ என்று சொன்னால் நம்பாதீர்கள்.

கே: போகிப் புகை செயற்கைக்கோளில் தெரியுமா?
— கல்லூரி மாணவி, திருத்தணி

ப: தீயாகத் தெரியாது. நீங்கள் கொளுத்துவது நான்கு, ஐந்து மணிக்கு. விர்ஸ் போனது ஒன்று, இரண்டு மணிக்கு. ஒவ்வொரு வாசலிலும் ஒரு பாய், இரண்டு துடைப்பம் என்று பிரிந்து எரிவதை மதியம் அது திரும்பி வரும்வரை யார் வைத்திருக்கப் போகிறார்கள்? இன்சாட்டின் ஏழரை மணிப் படத்தில் மார்கழிப் பனியும் போகிப் புகையும் சேர்ந்த ஒரு வெள்ளைப் படலம் தெரியலாம், பிரித்துச் சொல்ல முடியாது. சித்தூர்ச் சாலையில் கரும்புத் தோகையைப் பட்டப்பகலில் கொளுத்துகிறார்களே, அது புள்ளியாக விழும்.

கே: மே கடைசியில், தடைக்காலத்துக்கு முன் கரை திரும்பும்போது கடலுக்கு மேல் வானம் மங்கி, டெக்கில் மாவு மாதிரி மண் படிந்தது. அரபு நாட்டு மண் என்கிறார்கள். படத்தில் பார்க்க முடியுமா?
— விசைப்படகு ஓட்டுநர், தூத்தூர், குமரி மாவட்டம்

ப: அரபு நாட்டு மண்ணாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மே முதல் ஆகஸ்ட் வரை அரேபியப் பாலைவனத்திலிருந்தும் ஆப்பிரிக்கக் கொம்புப் பகுதியிலிருந்தும் புழுதி கிளம்பி அரபிக்கடல் மேல் வரும். பெரும்பகுதி, கடலை ஒட்டிய ஈரக்காற்றுக்கு மேலே சவாரி செய்து வரும். கடல் கறுப்புப் பின்னணி என்பதால், தரைமேல் கண்ணாமூச்சி காட்டும் புழுதி இங்கே காவி நிறக் கோடாகப் பளிச்சென்று தெரியும்.

ஏமாற்றும் ஒன்று உண்டு: கடலில் வெயில் மினுங்குவது. வேர்ல்ட்வியூ படத்தில் வடக்கு தெற்காக ஒரு வெள்ளிப் பட்டை ஓடும். அது சூரியனின் பிரதிபலிப்பு. மறுநாள் படத்தைத் திறந்து பாருங்கள். பட்டை செயற்கைக்கோள் பாதையோடு சேர்ந்து இடம் மாறியிருக்கும்; புழுதி காற்றின் திசையில் நகர்ந்திருக்கும்.

இரவிலும் தொடர வேண்டுமென்றால் இந்தியப் பெருங்கடலைப் பார்க்கும் ஐரோப்பிய ‘மீட்டியோசாட்’டின் புழுதிப் படத்தைத் தேடுங்கள். வெப்ப அலைகளை மட்டும் வைத்துச் செய்வதால் இருட்டிலும் வரும், கால் மணிக்கு ஒன்று. புழுதி இளஞ்சிவப்பாகத் தெரியும். நம் கரையை நெருங்க நெருங்க அந்த நிறம் மங்கும். புழுதி குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காற்றில் ஈரம் கூடினால் அந்தக் கணக்கு புழுதிக்கு எதிராகத் திரும்பிவிடும். பருவமழை மேகம் மூடிவிட்டால் ‘ஏரோசால் சுட்டெண்’ என்ற புறஊதாப் படம் ஒன்றுதான் கொஞ்சம் உதவும். மேகத்துக்கு மேலே மிதக்கும் புழுதியையும் அது காட்டும்.

கே: வாளையாற்றுக்கு இந்தப் பக்கம் கிரஷர் புழுதி தாங்கவில்லை. செயற்கைக்கோள் படத்தை வைத்துப் புகார் கொடுக்கலாமா?
— வாசகர், க.க.சாவடி

ப: புழுதிக்கு முடியாது. கிரஷரின் புழுதி சில நூறு மீட்டர் போய் இறங்கிவிடுவது. 375 மீட்டர் கட்டத்துக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் குவாரி அனுமதித்த எல்லையைத் தாண்டியிருக்கிறதா என்பதற்கு சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படம் நல்ல சாட்சி. 10 மீட்டர் துல்லியம், வெட்டிய பாறை வெள்ளையாகத் தெரியும், பழைய படங்கள் 2015 வரை கிடைக்கும். புழுதிக்குத் தரையில் மானி வைத்து அளக்கச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

கே: கும்மிடிப்பூண்டியில் எந்தக் காடும் இல்லை. ஆனால் தினமும் இரவில் ஒரே இடத்தில் தீப்புள்ளி. ஏன்?
— வாசகர், ஆரம்பாக்கம்

ப: உலை. இரும்பு உருக்கும் இடங்கள் இரவில் அப்படித்தான் தெரியும். ஃபர்ம்ஸில் ஏழு நாளைச் சேர்த்துப் போட்டுப் பாருங்கள்: காட்டுத்தீயின் புள்ளிகள் நாளுக்கு நாள் நகரும், உலையின் புள்ளிகள் ஒரே இடத்தில் கொத்தாக நிற்கும். மாதங்கள் கழித்து வெளியாகும் திருத்திய தரவில் ‘வகை’ என்ற பத்தியில் 2 என்று போட்டு ஒதுக்கியிருப்பார்கள். அன்றன்று வரும் தரவில் அந்தப் பத்தி இருக்காது.

கே: புகை எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிக் கணக்கிடும் ‘ஹைஸ்பிளிட்’ மென்பொருளை ஓட்டினேன். கூடலூரில் நின்ற புகை வங்கக்கடலிலிருந்து வந்ததாகக் கோடு போடுகிறது!
— ஆய்வு மாணவர், கூடலூர், தேனி மாவட்டம்

ப: கோட்டின் மேல் தப்பில்லை, மலையின் மேல்தான். நீங்கள் கொடுத்த உலகளாவிய காற்றுத் தரவின் கட்டம் 25 கிலோமீட்டர் அல்லது அதற்கும் மேல். சுமார் 350 மீட்டர் உயரத்துப் போடியும் 2,695 மீட்டர் ஆனைமுடியும் அதற்கு மொழுமொழுவென்ற ஒரே சரிவு. பள்ளத்தாக்குக்குள் இரவில் வழியும் காற்று அதில் கிடையவே கிடையாது.

500, 1500 மீட்டர் உயரங்களுக்கு ஓட்டினால் மலைக்கு மேலே போகும் புகைக்கு ஓரளவு பொருந்தும். 50 மீட்டருக்கு ஓட்டியதைத் தூக்கி எறியுங்கள். அதைவிட நேரடியான வழி ஒன்று உண்டு. ஒரே பிற்பகலில் நோவா-20, சுவோமி இரண்டும் சற்று முன்பின்னாக எடுத்த படங்களை வேர்ல்ட்வியூவில் அடுத்தடுத்துப் போடுங்கள். படம் எடுத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, புகையின் நுனி எவ்வளவு நகர்ந்தது என்று அதன் அளவுகோலால் அளந்துபாருங்கள். 50 நிமிடத்தில் 12 கிலோமீட்டர் என்றால் மணிக்கு 14 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அது நடந்த காற்று, கணித்த காற்றல்ல. நுனி மேகத்துக்குள் மறைந்திருந்தால் அளக்காதீர்கள்.

கே: எங்கள் மலையில் எத்தனை ஏக்கர் எரிந்தது என்று நாங்களே கணக்கிட முடியுமா?
— இயற்கை ஆர்வலர் குழு, செங்கோட்டை

ப: முடியும். தீப்புள்ளிகளை எண்ணி 35-ஆல் பெருக்குவதை மட்டும் செய்யாதீர்கள். பல செய்திகளில் அந்தக் கணக்குதான் வருகிறது.

கோபர்னிகஸ் பிரவுசரில் சென்டினல்-2 படங்களில் தீக்கு முந்தையது ஒன்று, பிந்தையது ஒன்று எடுங்கள். ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும், காலை பத்தரை, பதினொரு மணி வாக்கில். பி12, பி8ஏ, பி4 என்ற அலைவரிசைகளுக்கு இந்த வரிசையில் சிவப்பு, பச்சை, நீல நிறம் கொடுத்தால் எரிந்த இடம் கரும்பழுப்பாகத் தெரியும். அளவுக்கு ‘எரிவுச் சுட்டெண்’ வேண்டும்: பி8ஏ-யிலிருந்து பி12-ஐக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. முந்தைய படத்தின் எண்ணிலிருந்து பிந்தைய எண்ணைக் கழியுங்கள். 0.27-க்கு மேல் வந்தால் மிதமாகவாவது எரிந்த இடம் என்று எடுத்துக்கொள்ளலாம். 0.1-க்கும் 0.27-க்கும் நடுவில் லேசான எரிவு. அதை நேரில் போய்ப் பார்க்காமல் சேர்க்க வேண்டாம்.

இங்கே கவிழ்வது முந்தைய படத்தில்தான். செங்கோட்டைப் பக்கம் மழைமறைவுச் சரிவில் நிற்பது இலையுதிர் காடு. டிசம்பர்ப் பச்சையை மார்ச் மொட்டைக்கிளையோடு கழித்தால், தீயே படாத மலையும் எரிந்ததாகக் கணக்கு வரும். முந்தைய படம் தீக்குப் பத்து நாளுக்குள் இருக்க வேண்டும். மேகம் மூடி அப்படி ஒன்று கிடைக்காவிட்டால், சென்ற ஆண்டு அதே வாரத்துப் படத்தை எடுங்கள். காலை வெயிலில் மேற்குச் சரிவுகளில் விழும் நிழலையும் ஒதுக்கிவிடுங்கள். பிந்தைய படத்தையும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு கோடைமழை பெய்தால் பத்தே நாளில் புல் துளிர்த்துக் கரி மறைந்துவிடும்.

பி12 கட்டம் 20 மீட்டர். அப்படிப் பத்துக் கட்டம் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு ஏக்கர். விரல் விட்டே எண்ணலாம். ஆனால் அது மேலிருந்து பார்த்த தட்டையான பரப்பு. 30 டிகிரிச் சரிவில் நிஜ நிலம் அதைவிட 15 சதவீதம் கூடுதல். வனத்துறைக் கணக்கோடு ஒப்பிடும்போது அவர்கள் எதை எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.